முழங்கை ஆழம்

ஜனவரி 12

தம்பிக்கு அக்கா எழுதுவது.

நானும் உன் அத்தானும் நன்றாக இருக்கிறோம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? உட்கார்ந்தே சம்பாதிக்கிறவனுக்கு முதுகு வலிக்காமல் வேறு எது வலிக்கும்?

போனில் பேசினால் குசலம் விசாரித்து முடிப்பதற்குள் சண்டை வந்து, யாராவது ஒருவர் கட் பண்ணிவிடுகிறோம். அதனால்தான் வழக்கம்போல் கடிதம். எழுத்தில் என்றால் நீ என் பேச்சை நடுவில் வெட்ட முடியாது.

நீ அனுப்பிய கூட்டுக் குப்பைத் திட்டத்தைப் படித்தேன். நகராட்சித் தலைவி என்று என் அறைக் கதவில் பலகை மாட்டிவிட்டார்கள், படித்துத்தானே தொலைக்க வேண்டும். நாலு ஊர் சேர்ந்து ஒரே கிடங்கு, ஒரே உரக்கூடம், ஒரே எடைமேடை. உன் பெரிய ஊர், எங்கள் சின்ன ஊர், ஆற்றுக்கு அந்தப் பக்கம் இரண்டு ஊர். ரொம்ப நல்லது. கிடங்கு எங்கே வரப்போகிறது என்று தேடினேன். கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் ஒளித்து வைத்திருக்கிறாய்: எங்கள் ஊர்க் கல்குவாரியில். அடப்பாவி, ஊரான் வீட்டு அசிங்கத்தைக் கட்டிவைக்க உனக்கு அக்கா தலைதான் கிடைத்ததா?

போன வாரம் உன்னிடம் சொல்லாமல் உன் ஊர்க் குப்பைமேட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். புகைக்குள் காரை நிறுத்தினார் டிரைவர். இறங்கிய இடத்தில் ஒரு நாய் குழந்தை நாப்கினைக் கிழித்துத் தின்றுகொண்டிருந்தது. மேட்டுக்கு அடியிலிருந்து கறுப்பாக, கொழகொழவென்று ஒரு தண்ணீர் கசிந்து ஆற்றுக்குப் போகிறது. அந்த ஆற்றிலிருந்துதான் கீழே எங்களுக்குக் குடிதண்ணீர். காருக்குப் பக்கத்திலேயே குனிந்து வாந்தி எடுத்தேன். வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்த பிறகும் முடியில் அந்த நாற்றம். சீ.

எங்கள் ஊர் மட்டும் யோக்கியம் என்று சொல்லவில்லை. பழைய பஸ் நிலையத்துக்குப் பின்னால் கொளுத்துகிறோம், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இருமிக்கொண்டே பாடம் படிக்கின்றன. ஆனால் எங்கள் பீயை நாங்கள் மிதிப்பது வேறு, நாலு ஊர் பீயை மிதிப்பது வேறு. யோசித்துப் பதில் எழுது.

முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொள்.

கோபம் குறையாத,
அக்கா

ஜனவரி 25

அன்புள்ள அக்காவுக்கு,

முதுகு பரவாயில்லை. உன் வாய் அப்படியே இருப்பதால் உடம்பும் நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். அத்தானைக் கேட்டதாகச் சொல்.

நீ பார்த்ததைத்தான் நான் பத்து வருடமாக நகராட்சிப் பொறியாளர் என்ற பெயரில் தினமும் பார்க்கிறேன். அந்தக் கறுப்புத் தண்ணீரை நிறுத்த வேண்டும் என்றால் அடியில் விரிப்புப் போட்ட குழி வேண்டும், கசிவைச் சுத்தம் செய்யத் தொட்டி வேண்டும், மக்குவதை உரமாக்க இயந்திரம் வேண்டும். எந்த ஊருக்கும் இதைத் தனியாகச் செய்ய வக்கு இல்லை. எங்களிடம் குப்பை இருக்கிறது, இடம் இல்லை. உங்களிடம் பாறைக்குழி இருக்கிறது, இயந்திரம் ஓடுகிற அளவுக்குக் குப்பை இல்லை. அந்தப் பக்கத்து ஊர்களிடம் லாரி இருக்கிறது, வேறு ஒன்றும் இல்லை. சேர்ந்தால் நடக்கும். சேராவிட்டால் எல்லாரும் ஆற்றோரத்தில் கொளுத்திக்கொண்டே இருப்போம்.

இன்னொன்றையும் யோசி. கிடங்கு உன் ஊரில் வந்தால் கிடங்கின் கதவும் உன் ஊரில்தான் இருக்கும். தரம் பிரிக்காத லாரியைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் கதவில் நிற்பவருக்கு உண்டு என்று ஒப்பந்தத்திலேயே எழுதலாம். கதவில் யார் நிற்பது என்பதுதான் இப்போது தகராறு. எங்கள் ஆளை ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் நம்பவில்லை, அவர்கள் ஆளை நாங்கள் நம்பவில்லை. நான் ஒரு பெயர் சொன்னேன், உன் ஊர் தவிர மற்ற மூன்று ஊரும் தலையாட்டியது. அத்தான். பஞ்சு மில் குடோனில் அவர் இருந்தவரைக்கும் ஈரப் பொதி ஒன்றுகூட உள்ளே போனதில்லை என்று அந்தப் பக்கத்து ஊர்த் தலைவரே சொன்னார். ஓய்வு பெற்று வீட்டில் உன் ஏச்சு வாங்குவதற்கு அங்கே நிற்கலாம்.

கையெழுத்துப் போடு அக்கா. நான் கெடுதல் செய்வேனா?

அன்புடன்,
தம்பி

மார்ச் 3

தம்பிக்கு,

சளி பிடித்து இப்போதுதான் தெளிந்தேன். உன் அத்தான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு, கூட்டம் கூட்டம் என்று பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு கிடக்காதே.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். போட்ட அன்று கவுன்சிலர் ஒருவர் என் மேஜை மேல் அழுகிய முட்டைக்கோஸைக் கொண்டுவந்து வைத்தார். குவாரித் தெருப் பெண்கள் வந்து, நாலு ஊருக்கும் நான் கக்கூஸ் ஆகிவிட்டேன் என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். நான் ஒரே பதில்தான் சொன்னேன்: பிரிக்காத லாரி உள்ளே வராது, வந்தால் என்னைக் கேளுங்கள். அதனால் தம்பி, உன் பேச்சை நம்பி ஊர் முன்னால் வாக்குக் கொடுத்திருக்கிறேன். இது பொய்யானால் நான் தெருவில் நடக்க முடியாது.

குவாரியில் ஒரு மூலைக்கு மட்டும் அவசரமாக விரிப்புப் போட்டு, கதவு திறந்து ஒரு வாரம் ஆகிறது. லாரியின் பின்கதவைத் திறந்து பார்த்து, மக்கும் குப்பை மட்டும் இருந்தால் உள்ளே அனுப்ப வேண்டும் என்பதுதானே முறை? உன் அத்தானுக்குக் கண்ணால் பார்த்தால் போதவில்லை. மில்லில் பஞ்சுப் பொதிக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டு ஈரம் பார்ப்பாரே, அதே மாதிரி குப்பைக்குள்ளும் கையை விடுகிறார். கொடுத்த ரப்பர் உறையைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொள்கிறார். உறை போட்டால் கைக்கு ஒன்றும் தெரியாதாம். சொன்னால், "கண்ணு மேலதான் பாக்கும், கைதான் உள்ள பாக்கும்" என்கிறார். வீட்டுக்கு வந்ததும் வாசலிலேயே நிற்க வைத்துச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்கிறேன். அப்படியும் அவர் கை பட்ட தண்ணீர்ச் செம்பை எடுக்க எனக்கு உடம்பு கூசுகிறது. கட்டிய புருஷன் கை அது. உன் திட்டம் என்னை எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது பார்.

பதில் போடு.
அக்கா

மார்ச் 21

அன்புள்ள அக்கா,

சளிக்கு மருந்து எடுத்தாயா? நான் நலம்.

அத்தான் கையை விடுகிற கதையைக் கூட்டத்தில் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். அப்புறம் ஒருவர் சொன்னார், "இப்படி ஒரு ஆள் நின்னா எவன் ஏமாத்துவான்?" என்று. வெளியூர்களிலிருந்து எங்களைப் பார்க்க வருகிறார்கள் அக்கா. நாலு ஊர் சண்டை போடாமல் ஒரே குழியைப் பகிர்ந்துகொள்வதை அவர்களால் நம்ப முடியவில்லை. நம் ஆற்றோரத்தில் இந்த மாதம் ஒரு நாள்கூடப் புகை இல்லை. சட்டையை வெளியே காயப்போட முடிகிறது என்று எதிர்வீட்டு அம்மா சொன்னார்கள். உன் கையெழுத்துதான் காரணம்.

அத்தானுக்கு என் வணக்கம்.

தம்பி

மே 2

தம்பிக்கு,

வெயில் மண்டையைப் பிளக்கிறது, மற்றபடி இருவரும் நலம். நீ இளைத்துவிட்டதாக ஊருக்கு வந்துபோன ஒருவர் சொன்னார். உண்மையா?

உன் திட்டம் ஓடுகிறது, ஒப்புக்கொள்கிறேன். உரக்கூடத்திலிருந்து முதல் உரம் வந்தது, கையில் எடுத்து மோந்து பார்த்தேன், மண் வாசனை. நான் எதிர்பார்க்கவே இல்லை. ஆனால் கதவில் வந்து இறங்குகிற கண்றாவியை நீ ஒரு நாள் வந்து பார்க்க வேண்டும். மனுஷனா அவன்? தின்ற எலும்பு, முடிக்கற்றை, பல்செட்டு, பாதி தேய்ந்த செருப்பு, செத்த பூனை, எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டி முடிச்சுப் போட்டு அனுப்புகிறான். முடிச்சுப் போட்டுவிட்டால் அது அவனுடையது இல்லை என்று நினைப்பு. ஆற்றுக்கு அந்தப் பக்கத்து லாரியை உன் அத்தான் திரும்பத் திரும்பத் திருப்பி அனுப்பி, இப்போது அவர்கள் வழிக்கு வந்துவிட்டார்கள். எங்கள் ஊர் லாரியையே ஒரு முறை திருப்பிவிட்டார். நகராட்சித் தலைவி புருஷன் நகராட்சி லாரியைத் திருப்பினார் என்று டீக்கடையில் ஒரே சிரிப்பு. எனக்கு உள்ளுக்குள் பெருமைதான், அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை.

உன் ஊர் லாரிகளைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. பின்கதவைத் திறந்தால் மார்க்கெட் கீரைத்தண்டும் முட்டைக்கோஸ் தழையும் பச்சைப்பசேல் என்று சரிகிறது. அதை ஓட்டி வருகிறவனை எல்லாரும் விசில் என்று கூப்பிடுகிறார்கள், எந்நேரமும் விசிலடித்துக்கொண்டே இருப்பதால். இப்போதெல்லாம் கதவுக்கு வந்ததும் அவன் விசில் நின்றுவிடுகிறது என்று உன் அத்தான் சொன்னார். வெயிலில் தொண்டை வறண்டிருக்கும் என்றேன்.

உன் ஊர் மாதிரி மற்ற ஊரையும் பிரிக்கச் சொல்லிக்கொடு.

அக்கா

மே 16

அக்காவுக்கு,

நலம். வேலை அதிகம், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

அத்தானைக் கையை விட வேண்டாம் என்று சொல். வயதான காலத்தில் எதற்கு? மேலாகப் பார்த்தால் போதும், முறையும் அதுதான். நீளமான ஒரு கம்பி கொடுத்து அனுப்புகிறேன், குத்திப் பார்க்க வேண்டும் என்றால் அதை வைத்துக்கொள்ளட்டும். எங்கள் ஊர் லாரிகள் சுத்தமாகத்தான் வருகின்றன என்று நீயே எழுதியிருக்கிறாய், அதிலாவது கையை விட வேண்டாம். மறக்காமல் சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி

ஜூன் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறீர்களா? என் கடிதத்துக்குப் பதில் இல்லை. போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. ஆபீசுக்குச் செய்தால் கூட்டத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். எந்நேரமும் கூட்டமா?

கம்பி வந்து சேர்ந்ததா? அத்தான் இந்த வாரம் கதவில் இல்லை, வேறு யாரோ நிற்கிறார் என்று லாரிக்காரர்கள் சொன்னார்கள். ஊருக்கு எங்காவது போயிருக்கிறாரா?

நான் நன்றாக இருக்கிறேன். ஒரு வரியாவது எழுது.

தம்பி

ஜூன் 28

தம்பிக்கு,

இருக்கிறோம்.

உன் அத்தானுக்குக் கொஞ்ச நாளாக வயிறு சரியில்லை. சாப்பிட்டது தங்கவில்லை. அதனால் வீட்டில் இருக்கிறார். கம்பி வந்து சேர்ந்தது.

ஒன்று கேட்க வேண்டும். உன் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரிக் கழிவு எங்கே போகிறது?

அக்கா

ஜூலை 6

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானுக்கு வயிறு சரியில்லை என்று படித்ததும் கவலையாக இருந்தது. வெயில் சூடாகத்தான் இருக்கும். இளநீர், மோர் மாதிரி குளிர்ச்சியாகக் கொடு. நல்ல டாக்டர் வேண்டும் என்றால் இங்கே அழைத்து வா.

இங்கே திட்டம் நன்றாக நடக்கிறது. இன்னும் இரண்டு ஊர்கள் நம் கூட்டில் சேர விண்ணப்பித்திருக்கின்றன. அடுத்த மாதக் கூட்டத்தில் முடிவு செய்வோம், நீ வர வேண்டும், உன் பேச்சுக்குத்தான் மதிப்பு அதிகம். ஒரு வருடம் தடங்கல் இல்லாமல் ஓட்டிக் காட்டிவிட்டால் இரண்டாவது குழிக்கும் வழி பிறந்துவிடும். அதற்குப் பிறகு யாராலும் இதைக் கலைக்க முடியாது. இந்த நேரத்தில் நாம் எல்லாரும் கொஞ்சம் பொறுமையாகவும் ஒற்றுமையாகவும் இருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியைப் பற்றிக் கேட்டிருந்தாய். அதற்குத் தனி ஏற்பாடு இருக்கிறது. ஏன் திடீரென்று கேட்கிறாய்?

மழை வரும்போல் இருக்கிறது. குவாரிப் பக்கம் வடிகாலைப் பார்த்துக்கொள்ளச் சொல்.

அன்புடன்,
தம்பி

ஜூலை 15

தம்பிக்கு,

குசலம் எல்லாம் அப்புறம்.

உன் அத்தானுக்கு வெயில் சூடு இல்லை. மே மாதக் கடைசியில் விசில் ஓட்டி வந்த உன் ஊர் லாரியில் வழக்கம்போல் கையை விட்டார். கீரைத்தண்டுக்குப் பின்னால், முழங்கை ஆழத்தில், கைக்கு ஈரப் பஞ்சு தட்டுப்பட்டது. முப்பது வருடம் பஞ்சைத் தடவிய கை. இது பஞ்சாச்சே, இங்கே எப்படி என்று இன்னும் உள்ளே விட்டிருக்கிறார். வெளியே எடுத்தபோது உள்ளங்கையில் ஊசி ஏறி நின்றது. பஞ்சில் ரத்தம். யார் ரத்தம் என்று எவனுக்கும் தெரியாது.

தகவல் வந்து ஓடிப்போய், லாரியைக் கீழே கொட்டச் சொன்னேன். மஞ்சள் மூட்டைகள் கிழிந்து கிடந்தன. ஊசி, குழாய், சீழ் பிடித்த கட்டுத்துணி, இன்னும் என்னென்னவோ. ஒன்றில் சதை. அந்த இடத்தில் நின்று நான் வாந்திகூட எடுக்கவில்லை. அன்றே அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். யாருக்குப் போட்ட ஊசி என்று தெரியாததால், தொற்று வராமல் இருக்க ஒரு மாதத்துக்கு மாத்திரை கொடுத்தார்கள். அந்த மாத்திரைதான் அவருக்குச் சாப்பாட்டைத் தங்க விடவில்லை. முதலில் பார்த்த ரத்தத்தில் ஒன்றும் இல்லை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியுமாம். டாக்டர் பயப்படாதீர்கள், சேர்ந்து சாப்பிடுவதால் ஒன்றும் ஒட்டாது என்றார். இவர் கேட்கவில்லை. தட்டைத் தனியாக வைத்துக்கொண்டார், முன்னறையில் தனியாகப் படுக்கிறார். நான் பக்கத்தில் போனால், "தள்ளியே இரும்மா" என்கிறார். மார்ச்சில் அவர் கையைப் பார்த்துக் கூசினேன் என்று உனக்கு எழுதியிருந்தேன். இப்போது அந்தக் கையைப் பிடிக்கலாம் என்றால் அவர் விடவில்லை.

உன்னிடம் முதலிலேயே சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. யாரிடமும் வாயைத் திறக்காதே என்று விசிலை அனுப்பிவிட்டு, நீயாகச் சொல்கிறாயா என்று பார்த்தேன். ஆஸ்பத்திரிக் கழிவு எங்கே போகிறது என்று கேட்டதற்குத் தனி ஏற்பாடு என்று பூசி மெழுகினாய்.

போன வாரம் விசில் வீட்டுக்கு வந்தான். உன் அத்தானைப் பார்த்ததும் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நான் கூலிக்கு ஓட்டறவன்மா. ஆஸ்பத்திரி மூட்டைய நடுவுல போட்டு, பின்னாடி மார்க்கெட் தழைய வெச்சு அடைக்கச் சொன்னாங்க. இஞ்சினீயர் ஐயாதான் கையெழுத்துப் போட்டாரு. இந்த ஐயா கைய விடுவாருன்னு அவருக்குத் தெரியும்மா."

தெரியும். அதனால்தான் மே மாதம் கையை விட வேண்டாம் என்று எழுதினாய்.

கதவைப் பூட்டிவிட்டேன். நாலு ஊர் லாரிக்கும்தான், என் ஊர் உட்பட. உன் பதிலைப் பார்த்துவிட்டு மற்றதை முடிவு செய்கிறேன்.

அக்கா

ஜூலை 20

அக்கா,

கடிதம் இன்று கிடைத்தது, உடனே எழுதுகிறேன்.

இதை வேறு யாரிடமெல்லாம் சொல்லியிருக்கிறாய்? விசில் வேறு எங்காவது போய் உளறியிருக்கிறானா? ஊசி அந்த லாரியிலிருந்துதான் வந்தது என்பதற்குப் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறார்களா? கொட்டிய மூட்டைகளை என்ன செய்தாய்? இதையெல்லாம் எனக்கு உடனே எழுது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஏப்ரலில் ஆஸ்பத்திரியின் எரி உலை கெட்டுப்போனது. பழுது பார்க்க இரண்டு மாதம் என்றார்கள். மூட்டைகள் வராந்தா வரை குவிந்துவிட்டன. எங்கள் தலைவர் என்னைக் கூப்பிட்டு ஏதாவது வழி செய் என்றார். வெளிப்படையாகச் சொன்னால் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர்கள் இரண்டும் அன்றே கூட்டை விட்டுப் போயிருக்கும். எப்போது சாக்குக் கிடைக்கும் என்றுதான் அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்து வருட உழைப்பு அக்கா. மறுபடியும் ஆற்றோரத்தில் புகை, மறுபடியும் நீ குடிக்கிற தண்ணீரில் அந்தக் கறுப்பு. இரண்டு மாதம் சமாளித்தால் போதும் என்று நினைத்தேன். எனக்காக நான் செய்யவில்லை.

அத்தானை நான் எச்சரித்தேனே. நீ அவரிடம் சொல்லவில்லையா?

கதவைத் திற. இங்கே ஐந்து நாளாகத் தெருவெல்லாம் நாறுகிறது. அடுத்த மாதக் கூட்டம் வரைக்கும் யாரிடமும் வாயைத் திறக்காதே. உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

தம்பி

நவம்பர் 30

தம்பிக்கு,

நான் நலம். உன் அத்தானைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

குவாரிக் கதவுக்குப் பக்கத்தில் உனக்குக் கொடுத்திருக்கும் அறைக்கும் என் வீட்டுக்கும் நடக்கிற தூரம்தான். ஆனாலும் எழுதியே அனுப்புகிறேன். நேரில் வந்தால் என்ன பேசுவேன் என்று எனக்கே தெரியாது.

உன் ஜூலைக் கடிதத்துக்கு இதுவரை பதில் போடவில்லை. அதை எத்தனை முறை படித்திருப்பேன் என்று தெரியாது. யாரிடம் சொன்னாய், யார் பார்த்தார்கள், மூட்டை எங்கே என்று கேட்டிருக்கிறாய். அத்தான் எப்படி இருக்கிறார் என்று ஒரு வரி இல்லை. தெரியாதவர்களுக்கு எழுதினால்கூட முதல் வரியில் உடம்பு எப்படி என்று கேட்கிறோம். அதுகூட உனக்கு வரவில்லை.

நீ எச்சரித்ததை நான் அவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். மச்சானுக்கு என் மேல் பாசம் என்றார். பாசம் என்று நம்பித்தான் மறுபடியும் கையை விட்டார். "உள்ளே ஊசி இருக்கிறது" என்று மூன்று வார்த்தை நீ சேர்த்து எழுதியிருந்தால் கையை எடுத்திருப்பார். உன் கூட்டும் காப்பாற்றப்பட வேண்டும், அவர் கையும் தப்ப வேண்டும், உன் பெயரும் கெடக் கூடாது. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு கம்பியை அனுப்பினாய்.  அதைப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் கூட்டத்தில் நான் வாயைத் திறந்ததைப் பற்றி உனக்கு வருத்தம் இருக்கும். உங்கள் தலைவர் எனக்கு ஒன்றும் தெரியாது என்று கையை விரித்தாரே, அப்போதாவது நீ எழுந்திருப்பாய் என்று பார்த்தேன். மேஜையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அதனால்தான் நான் எழுந்து, கையெழுத்துப் போட்டது என் தம்பி என்றேன்.  

அந்தப் பக்கத்து ஊர்கள் கூட்டை விட்டுப் போகவில்லை, பார்த்தாயா? போய்விடுவார்கள் என்று பயந்துதானே அத்தனையும் செய்தாய். அவர்கள் கத்தினார்கள், திட்டினார்கள், அப்புறம் உட்கார்ந்து முறையை மாற்றினார்கள். எந்த ஊர் லாரியானாலும் கதவுக்கு வெளியே தரையில் கொட்டி, வாரியால் விரித்து, அந்த ஊர் அதிகாரியே நின்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே அனுப்ப வேண்டும். ஆஸ்பத்திரிகளுக்கு நாலு ஊரும் சேர்ந்து தனி வண்டி. உன் ஊருக்கு யார் நிற்பது என்று கேட்டபோது எல்லாரும் உன்னைத்தான் பார்த்தார்கள். எரி உலை கெட்டுவிட்டது என்று ஏப்ரலிலேயே நீ சொல்லியிருந்தால் இதே ஆட்கள் இதையேதான் செய்திருப்பார்கள்.

நீ அங்கே வாரியோடு நிற்பதை ஆபீஸ் போகும்போது தினமும் கார் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். முதல் நாள் நீ ஓரமாகப் போய் வாந்தி எடுத்ததையும் பார்த்தேன். பாவமாக இருந்தது என்று சொன்னால் பொய். அருவருப்பாகத்தான் இருந்தது, குப்பையைப் பார்த்து இல்லை. நீ பால்குடிக்கும்போது தூக்கிச் சுமந்த இடுப்பு இது. உன்னைப் பார்த்து எனக்கு இப்படித் தோன்றும் என்று நான் நினைத்ததே இல்லை. போகும் போகும் என்று நாலு மாதமாகக் காத்திருக்கிறேன், போகவில்லை.

இனி உன் அத்தான் விஷயம். நேற்று கடைசிப் பரிசோதனை முடிவு வந்தது. ஒன்றும் இல்லை. டாக்டர் சொன்னதும் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். அவர் என் தோளில் கை வைத்தார். மே மாதத்துக்கு அப்புறம் முதல் தடவை.

வீட்டுக்கு வரும் வழியில் குவாரிக் கதவைத் தாண்டும்போது, "அவன சாப்பிட வரச் சொல்லு. எத்தன நாள் தனியா பொங்கித் திம்பான்?" என்றார்.  வீட்டுக்கு வந்தும் இரண்டு முறை கேட்டார், எழுதிவிட்டாயா என்று.

எழுதிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் வா. உனக்குப் பிடித்ததாகச் சமைத்து மூடி வைக்கிறேன். அத்தான் பரிமாறுவார். நீ சாப்பிட்டுக் கிளம்பும்வரை நான் வீட்டில் இருக்க மாட்டேன்.

அக்கா